இப்போதுதானே கேட்டேன்? குறுகிய கால நினைவு எங்கெல்லாம் சறுக்கும், எப்படிச் சமாளிப்பது

ஆறு இலக்க ஓடிபி வருகிறது. ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆப்பை மாற்றி, தட்டினால் தப்பு என்று வருகிறது. திரும்பிப் போய்ப் பார்த்தால் எண்ணெல்லாம் சரிதான், நடுவில் இரண்டு மட்டும் இடம் மாறியிருக்கிறது. இன்னொரு நாள் ‘எண்பது’ என்று சொன்னதை ‘ஒன்பது’ என்று எழுதி வைத்திருப்போம். வேறொரு நாள் யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகச் சத்தியம் பண்ணுவோம். அடுத்த அறைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று நிற்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இத்தனையையும் ‘ஞாபக மறதி’ என்று ஒரே பெயரில் சொல்லிவிட்டு, ஞாபக சக்தியை வளர்ப்பது எப்படி என்று தேட ஆரம்பித்துவிடுகிறோம். அங்கேதான் வழி தவறுகிறது. மேலே சொன்ன நான்கும் நான்கு வகைப் பிழைகள், மூளையில் அவை உண்டாகும் விதமும் வேறு வேறு. இடம் மாறிய இலக்கத்துக்கு உதவும் வழி, சொல்லாததைக் கேட்டதாக நினைப்பதற்கு உதவாது. அதனால் முதலில் என்ன மாதிரி தப்பு நடந்தது என்று பாருங்கள், காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு சின்னச் சோதனை. கீழே உள்ள சொற்களை ஒரே ஒரு முறை நிதானமாகப் படியுங்கள், மறுபடி மேலே வந்து பார்க்கக் கூடாது.

கட்டில், இரவு, தலையணை, கொட்டாவி, கனவு, போர்வை, களைப்பு, குறட்டை, ஓய்வு, தாலாட்டு.

சரி, அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு கேட்கிறேன்.

தலைக்குள் பெட்டி எதுவும் இல்லை

குறுகிய கால நினைவு என்றதும் தகவலை வாங்கி வைத்துக்கொள்ளும் ஒரு சின்ன இடம் என்று நினைத்துக்கொள்கிறோம். மூளையில் அப்படி ஒரு தனி இடம் கிடையாது. ஒரு எண்ணைக் கேட்டு, அதைத் தட்டி முடிக்கும் வரை பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்றால், அந்த நேரம் முழுக்க மூளை அதற்காக வேலை செய்துகொண்டே இருக்கிறது என்று பொருள். 1971-இல் ஹோவாகின் ஃபுஸ்டர் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வில், தீனி எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டிவிட்டு மறைத்து, குரங்கைக் காக்க வைத்தார்கள். அந்தக் காத்திருப்பு நேரம் முழுக்க நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடலில் சில நரம்பணுக்கள் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தன. பொருள் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் அது எங்கே என்பதை அந்தத் துடிப்பு பிடித்து வைத்திருந்தது. நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் சில நொடிகளுக்குத் தற்காலிகமாக வலுப்படுவதும் இதில் சேர்த்தி என்று பிறகு வந்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எப்படியானாலும் இது தொடர்ந்து நடக்கிற வேலை. வேலை என்றால் இடையூறும் உண்டு, களைப்பும் உண்டு.

எவ்வளவு பிடிக்கும்? 1956-இல் ஜார்ஜ் மில்லர் ஏழு, இரண்டு கூடவோ குறையவோ இருக்கலாம் என்றார், அந்த ஏழுதான் ஊரெங்கும் பரவியது. ஆனால் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளவோ, சேர்த்துக் கட்டிக்கொள்ளவோ வழி இல்லாமல் செய்துவிட்டால் எண்ணிக்கை இன்னும் கீழே போகிறது. நெல்சன் கோவன் 2001-இல் எல்லா ஆய்வுகளையும் அலசிவிட்டு, உண்மையான அளவு நான்கை ஒட்டித்தான் இருக்கும் என்றார். நான்கு என்றால் நான்கு எழுத்து இல்லை, நான்கு கட்டு. ஒரு கட்டுக்குள் எவ்வளவு அடைக்கிறீர்கள் என்பது உங்கள் சாமர்த்தியம், அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்னொரு பழைய ஆய்வையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை எல்லாரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். 1959-இல் லாயிட் பீட்டர்சனும் மார்கரெட் பீட்டர்சனும் மூன்றே மூன்று மெய்யெழுத்துகளைச் சொல்லிவிட்டு, உடனே ஒரு எண்ணைக் கொடுத்து அதிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார்கள். 18 நொடி கழித்துக் கேட்டால், பத்துக்கு ஒரு தடவைதான் அந்த மூன்று எழுத்து சரியாக வந்தது. பார்த்தீர்களா, இருபது நொடிக்குள் எல்லாம் ஆவியாகிவிடுகிறது என்று இதை வைத்துச் சொல்லுவார்கள். ஆனால் 1962-இல் கெப்பலும் அண்டர்வுட்டும் அதே சோதனையில் ஒவ்வொருவரின் முதல் தடவையை மட்டும் தனியாகப் பார்த்தார்கள். அதில் மறதியே கிட்டத்தட்ட இல்லை! இரண்டாவது, மூன்றாவது தடவை போகப் போகத்தான் விழ ஆரம்பித்தது. நேரம் ஒன்றுதான், ஆனால் முந்தைய எழுத்துகள் தலைக்குள் கிடந்து குழப்பின.

என்னைக் கேட்டால் இந்தத் தலைப்பில் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான சங்கதி இதுதான். குறுகிய கால நினைவில் நடப்பது பெரும்பாலும் கலப்படம். பக்கத்தில் இருந்தது, முன்னால் வந்தது, ஒலி ஒத்தது, வழக்கமாக வருவது என்று எதுவோ ஒன்று உள்ளே புகுந்துவிடுகிறது, மூளையும் அதையே நிஜம் என்று நீட்டிவிடுகிறது. அதனால் கேட்ட நொடிக்கும் பயன்படுத்தும் நொடிக்கும் நடுவே எதுவும் கலக்காமல் பார்த்துக்கொண்டாலே பாதிப் பிழைகள் குறையும்.

இலக்கம் இடம் மாறுகிறதா?

என்னென்ன எண்கள் என்பதும், எந்த வரிசையில் என்பதும் மூளைக்கு இரண்டு தனித் தகவல்கள். முதலாவது தங்கி இரண்டாவது நழுவும்போதுதான் 58, 85 ஆகிறது. இப்படி மாறும்போது பெரும்பாலும் அடுத்தடுத்து இருப்பவைதான் இடம் மாறும். முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் தப்பித்துவிடும், அடி வாங்குவது நடுவில் இருப்பவை. அதனால் எதையாவது சரிபார்க்க ஒரு நொடிதான் இருக்கிறது என்றால் நடுவைப் பாருங்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 7 4 1 9 4 2 என்று ஒரு எண் வந்தால், அந்த இரண்டாவது 4 காணாமல் போகவோ வேறு எண்ணாக மாறவோ வாய்ப்பு அதிகம். ஒரே எண் இரண்டு முறை வந்தால் நினைவு வைத்துக்கொள்வது சுலபம் என்றுதானே தோன்றும்? நடப்பது நேர்மாறு. ஹங்கேரியின் பால் ரான்ஷ்புர்க் நூறு வருஷத்துக்கு முன்பே கவனித்தது இது, அவர் பெயராலேயே வழங்குகிறது. அதே இலக்கம் இடைவெளி விட்டுத் திரும்ப வந்தால், வாய்விட்டு ‘நாலு இரண்டு தடவை’ என்று சொல்லிக்கொள்வது நல்லது.

பொதுவான வழி, கட்டுக் கட்டாக உடைப்பது. 741942 என்று ஒரே நீளமாக இல்லாமல் 741, சின்ன நிறுத்தம், 942. அந்த நிறுத்தம்தான் வேலை செய்கிறது, அதை அவசரத்தில் விழுங்கிவிடாதீர்கள். கட்டாக்கினாலும் ஒரு வகைப் பிழை மிஞ்சும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் கட்டின் நடு இலக்கமும் இரண்டாவது கட்டின் நடு இலக்கமும் ஒன்றுக்கொன்று இடம் மாறும், ஏனென்றால் மூளை ஒவ்வொரு இலக்கத்தையும் ‘கட்டுக்குள் எத்தனாவது’ என்ற அடையாளத்தோடும் வைத்துக்கொள்கிறது. இதைத் தவிர்க்க இரண்டு கட்டுகளுக்கும் வேறு வேறு சாயல் கொடுக்கலாம், ஒன்றை மூன்று தனி இலக்கமாகச் சொல்லி, மற்றதைத் ‘தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு’ என்று ஒரே எண்ணாகச் சொல்லிப் பாருங்கள்.

கட்டுகளுக்கு அர்த்தம் இருந்தால் எல்லை எங்கேயோ போய்விடும். 1980-இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில் எஸ்.எஃப். என்ற ஒரு கல்லூரி மாணவர் வருகிறார். ஆரம்பத்தில் மற்றவர்களைப் போலவே ஏழு இலக்கம்தான் திருப்பிச் சொன்னார். 230 மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி செய்தபின் 79 இலக்கம் சொன்னார்! அவர் ஓட்டக்காரர், மூன்று நான்கு இலக்கங்களை ஏதோ ஓட்டப் பந்தயத்தின் நேரமாக நினைத்துக்கொண்டு கட்டினார். ஆனால் இலக்கத்துக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்ததும் பழையபடி ஆறு சொச்சத்துக்கு வந்துவிட்டார். அவருடைய குறுகிய கால நினைவு துளியும் வளரவில்லை, எண்களைக் கட்டும் வித்தைதான் வளர்ந்தது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த துறை எதுவோ, வருஷங்கள், ஸ்கோர்கள், வண்டி எண்கள், அதை வைத்தே கட்டுங்கள்.

ஒலியில் ஏமாறுகிறதா?

1964-இல் ஆர். கான்ராட், சிலருக்கு ஆங்கில எழுத்துகளைத் திரையில் காட்டி உடனே எழுதச் சொன்னார். கண்ணால் பார்த்தவைதான், காதால் கேட்டவை இல்லை. ஆனாலும் தப்பு செய்தபோது பார்வைக்கு ஒத்த எழுத்தை எழுதவில்லை, ஒலிக்கு ஒத்ததை எழுதினார்கள், ‘பி’ போட வேண்டிய இடத்தில் ‘வி’ என்கிற மாதிரி. படித்ததையும் மூளை மனக்குரலில் சொல்லித்தான் பிடித்து வைக்கிறது என்று இதிலிருந்து தெரிந்தது. ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974-இல் இதற்கு ஒரு முழு வடிவம் கொடுத்தார்கள். வார்த்தைக்கு ஒரு சுழல், காட்சிக்கு ஒரு பலகை, இரண்டையும் மேய்க்க ஒரு மேலாளர். வார்த்தைச் சுழலில் சுமார் இரண்டு நொடிக்குள் சொல்லி முடிக்கக்கூடியதுதான் பத்திரமாகச் சுற்றும். அதற்கு மேல் போனால் கடைசியைச் சொல்வதற்குள் முதல் கழன்றுவிடும்.

இதனால் எண்ணின் பெயர் நீளமாக இருந்தாலே கொள்ளளவு குறையும். வேல்ஸ் மொழியில் எண்களைச் சொல்ல ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஆகும், அதற்கேற்ப வேல்ஸில் நினைவில் நின்ற இலக்கங்களும் குறைந்தன என்று 1980-இல் எல்லிஸும் ஹென்னெல்லியும் காட்டினார்கள். நமக்கும் இது பொருந்தும். ‘தொண்ணூற்றெட்டு, எழுபத்தாறு’ என்று இரண்டிரண்டாகச் சொல்வது காதுக்கு அழகு, ஆனால் நாக்குக்கு நீளம். அறுபது, எழுபது, எண்பது, ஒன்பது எல்லாம் ஒரே வாலோடு முடிவதால் ஒன்று இன்னொன்றாக மாற ஏகப்பட்ட வாய்ப்பு. போனில் யாராவது எண் சொன்னால் ஒற்றை ஒற்றை இலக்கமாகச் சொல்லச் சொல்லுங்கள், நீங்களும் அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். விமானிகள் கட்டுப்பாட்டு அறை சொன்ன உயரத்தையும் திசையையும் திருப்பிச் சொல்வது வெறும் மரியாதைக்காக இல்லை, கேட்டது வேறு மனதில் நின்றது வேறு என்றால் அந்த இடத்திலேயே பிடிபடட்டும் என்பதற்காகத்தான். ‘ஃபைவ்’ என்பதும் ‘நைன்’ என்பதும் குழம்பக் கூடாது என்றுதான் அவர்கள் ‘நைனர்’ என்று சொல்கிறார்கள்.

திருப்பிச் சொல்லும்போது மேலே எதையும் ஒட்டாதீர்கள், எண் சொல்பவரிடமும் அதையே கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணைச் சொல்லி முடித்த கையோடு ‘ஓகேவா’, ‘சரியா’, ‘எழுதிட்டீங்களா’ என்று ஒரு வார்த்தை விழுந்தால், காதில் அப்போதுதான் வந்து நின்ற கடைசி இலக்கங்கள் கலைந்துவிடும். கிரவுடரும் மார்ட்டனும் 1969-இலேயே இதை எழுதிவிட்டார்கள். மனிதப் பேச்சுதான் கெடுக்கிறது, வெறும் ‘பீப்’ ஓசை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. பின்னணியில் யாரோ பேசிக்கொண்டே இருந்தாலும் இதே தொல்லைதான், புரியாத மொழியாக இருந்தாலும் வரிசை கெடும். எண்களோடு வேலை செய்கிறபோது டிவியில் செய்தி ஓட வேண்டாம்.

இல்லாததை இருந்ததாக நினைக்கிறதா?

இப்போது கேட்கிறேன். மேலே போய்ப் பார்க்காமல் சொல்லுங்கள். அந்தப் பட்டியலில் ‘போர்வை’ இருந்ததா? ‘நாற்காலி’? ‘தூக்கம்’?

போர்வை இருந்தது, நாற்காலி இல்லை. தூக்கமும் இல்லை. ஆனால் பலருக்குத் தூக்கம் என்ற சொல்லைப் படித்த ஞாபகம் அழுத்தமாக இருக்கும். கட்டில், கனவு, குறட்டை என்று ஒவ்வொன்றும் அந்தச் சொல்லைத்தான் லேசாகத் தட்டிவிட்டுப் போனது. பத்துத் தடவை தட்டு வாங்கிய சொல் நிஜமாகவே வந்துபோன சொல்லைப் போல மூளையில் விழித்துக்கொள்கிறது. ஜேம்ஸ் டீஸ் 1959-இல் தொடங்கி வைத்த சோதனை இது, 1995-இல் ரோடிகரும் மெக்டெர்மாட்டும் மறுபடி எடுத்துச் செய்தபிறகு பிரபலமானது. இதற்கெல்லாம் நாள் கணக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நான்கே சொற்களைக் காட்டி, சில நொடியில் கேட்டாலும் இந்தப் பொய் நினைவு வருகிறது என்று 2008-இல் வெளியான ஒரு ஆய்வு சொல்கிறது.

2023-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் மார்ட்டே ஆட்டனும் குழுவினரும் இன்னும் எளிதான ஒன்றைச் செய்தார்கள். திரையில் சில ஆங்கில எழுத்துகள், அவற்றில் சில கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் போட்டவை. சில நொடிக்குள் குறிப்பிட்ட இடத்தில் இருந்தது என்ன என்று கேட்டால், திருப்பிப் போட்ட எழுத்தை நேரான எழுத்தாகப் பார்த்ததாக உறுதியோடு சொன்னார்கள். நேர் எழுத்தைத் திருப்பியதாக நினைத்தவர்கள் குறைவு. கேள்வி கேட்கத் தாமதமாக ஆக இந்தத் தப்பும் கூடியது. மூளைக்குப் பழக்கமானது நேர் எழுத்து, அதனால் மங்கிய இடத்தை அதை வைத்து நிரப்பிக்கொண்டது. கண்ணில் பட்டது ஒன்று, ‘இப்படித்தானே இருந்திருக்கும்’ என்று நிரப்பியது ஒன்று, நினைவில் மிஞ்சுவது இரண்டும் கலந்த ஒன்று.

இதில் கெட்ட செய்தி என்னவென்றால், உள்ளிருந்து பார்த்தால் இந்தப் பிழை தெரியாது. இடம் மாறிய இலக்கத்தில் ஒரு சந்தேகமாவது இருக்கும், இதில் அதுவும் கிடையாது. ‘எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு’ என்ற உறுதி எதற்கும் சாட்சி ஆகாது, உங்களுடையதும் சரி, எதிரில் இருப்பவருடையதும் சரி. அதனால் வழியும் வெளியில்தான் இருக்கிறது. மீட்டிங்கில் யாராவது முக்கியமாக ஒன்றைச் சொன்னால் அதன் சாரத்தை எழுதாமல் சொன்ன வார்த்தையையே எழுதுங்கள். ‘வெள்ளிக்குள் முடிக்கப் பார்க்கிறோம்’ என்றதை ‘வெள்ளி டெட்லைன்’ என்று எழுதினால் நிரப்பும் வேலையைப் பேனாவே செய்துவிட்டது. வழக்கத்துக்கு மாறான எழுத்துக்கூட்டல், வழக்கத்துக்கு மாறான அளவு, வழக்கத்துக்கு மாறான நேரம் என்று எது வந்தாலும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள், ஏனென்றால் மூளை முதலில் திருத்திவிடப் பார்ப்பது அவற்றைத்தான். மருந்து அளவு போன்ற சமாச்சாரத்தில் நினைவை நம்பவே வேண்டாம், சீட்டைப் பார்த்துச் செய்யுங்கள்.

பழையது வந்து ஒட்டுகிறதா?

போன மாதம் மாற்றிய பாஸ்வேர்டுக்குப் பதில் அதற்கு முந்தையதை விரல் தட்டுகிறது, இன்று வண்டி நிறுத்திய இடத்துக்குப் பதில் நேற்று நிறுத்திய இடத்துக்குக் கால் போகிறது. கெப்பலும் அண்டர்வுட்டும் கண்ட குழப்பம்தான் இதுவும். இதற்கு ஒரு நல்ல வழியை 1963-இல் டெலோஸ் விக்கன்ஸ் குழு காட்டியது. ஒரே மாதிரியான விஷயங்களை அடுத்தடுத்துக் கொடுத்தால் நினைவு சரிந்துகொண்டே போகும், நடுவில் வகையை மாற்றினால், எழுத்துக்குப் பதில் எண் என்று, சட்டென்று பழைய அளவுக்கு ஏறிவிடும். ஆகவே ஒரே மாதிரி பத்து விஷயத்தை வரிசையாகத் தலையில் ஏற்றாதீர்கள், நடுவில் வேறு வகை வேலை ஒன்றைப் போடுங்கள். வண்டியை நிறுத்தும்போது ‘மூன்றாவது தளம்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டால் நேற்றைய தளத்தோடு கலக்கும், ‘இன்றைக்கு லிஃப்டுக்கு இடது பக்கம், உடைந்த விளக்குக்குக் கீழே’ என்றால் கலக்காது.

எதற்கு வந்தேன் என்று நிற்கிறீர்களா?

கேப்ரியல் ராட்வான்ஸ்கி, வாசல் கடந்து இன்னொரு அறைக்குப் போனால் கையில் இருப்பது என்ன என்பதே கூட மறக்கிறது என்று பல சோதனைகளில் காட்டினார். மூளை அனுபவத்தைச் சம்பவம் சம்பவமாக வெட்டுகிறது, இடம் மாறினால் பழைய சம்பவத்தை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கிறது என்பது அவர் விளக்கம். ஆனால் வாசலைப் போட்டு ரொம்பத் திட்ட வேண்டாம். 2021-இல் ஆஸ்திரேலியாவின் பாண்ட் பல்கலைக்கழகத்தில் செய்து பார்த்தபோது, தலையில் ஏற்கெனவே வேறு வேலை ஓடிக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் வாசலில் மறதி வந்தது, மற்றவர்களுக்கு வரவில்லை. எழுந்து போகும்போது போனைப் பார்த்துக்கொண்டே போகாதீர்கள், அது முதல் வழி. எடுக்கப் போகும் பொருளின் பெயரை வாயால் சொல்லிக்கொண்டே போவது இரண்டாவது, பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரிப் பார்த்தாலும் பரவாயில்லை. மறந்து நின்றுவிட்டால் கிளம்பிய இடத்துக்கே திரும்பிப் போங்கள், அங்கே கண்ணில் படுவது மறுபடி நினைவூட்டும்.

வேலை நடுவே யாராவது கூப்பிட்டால் வரும் மறதி இதைவிட மோசமானது, ஏனென்றால் திரும்பி வரும்போது எந்தப் படியில் விட்டோம் என்பதற்குப் பதில் அடுத்த படியில் விட்டதாகத் தோன்றும். ‘ஒரு நிமிஷம்’ என்று சொல்லிவிட்டு, அடுத்து செய்ய வேண்டியதை ஒரே வரியில் குறித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். மூன்று நொடி வேலை. எழுத வழியில்லை என்றால் பொருளையே பாதி நிலையில் விட்டுவைக்கலாம், மூடியைத் திறந்தபடி, ஸ்பேனரை அந்த போல்ட்டிலேயே.

எல்லாம் முடிந்தபிறகு மிஞ்சும் சில்லறைப் படியை மறப்பது தனி ரகம். ஏடிஎம்மில் பணம்தான் நோக்கம், பணம் கைக்கு வந்ததும் மூளை அந்த நோக்கத்தை முடித்துவிட்டு இடத்தைக் காலி செய்கிறது, கார்டு மெஷினிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் பல மெஷின்கள் முதலில் கார்டைத் துப்பிவிட்டு, பிறகு பணம் தருகின்றன. இந்த யோசனையை எங்கும் பயன்படுத்தலாம். மறந்துபோகும் படியை நோக்கத்துக்கு முன்னால் தள்ளுங்கள். ஜெராக்ஸ் எடுத்தால் முதலில் ஒரிஜினலை எடுத்து, பிறகு நகலை எடுங்கள். மெயில் அனுப்பினால் கோப்பை இணைத்துவிட்டு, பிறகு எழுதி, கடைசியில் முகவரி போடுங்கள்.

படிகள் அதிகம் என்றால் பட்டியல்தான். 1935 அக்டோபரில் போயிங்கின் மாடல் 299 விமானம் சோதனைப் பறப்பில் கிளம்பிய கையோடு விழுந்தது, காற்றில் ஆடாமல் இருக்க வாலில் போட்டிருந்த பூட்டை எடுக்காமலே கிளம்பியிருந்தார்கள். ஓட்டியவர் தேர்ந்த விமானி. அதற்குப் பிறகுதான் விமானிகளின் செக்லிஸ்ட் நிலைத்தது. அனுபவசாலிக்குத்தான் பட்டியல் அதிகம் தேவை என்று கூடச் சொல்வேன், புதியவர் ஒவ்வொரு படியையும் பயந்து பயந்து பார்ப்பார்.

எல்லாமே சறுக்கும் நாட்கள்

சில நாட்களில் ஒரு வகை என்று இல்லாமல் எல்லாப் பிழையும் வரும். அப்போது வித்தைகளைத் தேடுவதைவிட முன்மடலைக் கவனியுங்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல வருஷமாகக் காட்டி வருவது, கட்டுப்படுத்த முடியாத மன அழுத்தத்தில் நார்அட்ரினலின், டோபமின் என்ற மூளை ரசாயனங்கள் அளவு மீறிச் சுரந்து முன்மடலின் பிடியைத் தளர்த்திவிடுகின்றன என்பது. கேள்வித்தாளைப் பார்த்ததும் வெறுமை ஆவது இப்படித்தான். தூக்கம் கெட்டாலும் குடித்தாலும் பிடி தளரும். அன்றைக்கு எண், தேதி, பணம் சம்பந்தப்பட்டது எல்லாவற்றையும் காகிதத்துக்கு மாற்றிவிடுங்கள்.

மூளைப் பயிற்சி ஆப்புகளைப் பற்றிக் கேட்பீர்கள். 2010-இல் 11,430 பேரை ஆறு வாரம் ஆன்லைனில் விளையாட வைத்துப் பார்த்த ஆய்வில், விளையாடிய விளையாட்டில் எல்லாரும் தேறினார்கள், விளையாடாத வேலையில் அது உதவவில்லை. எஸ்.எஃப். எழுத்துகளில் பட்ட பாடுதான். பொழுதுபோக்காக விளையாடுங்கள், காசு கட்டி விளையாட நான் சொல்ல மாட்டேன்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்

ஓடிபி இடம் மாறுவதைப் பார்த்து அல்சைமர் என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி அகற்றப்பட்ட நோயாளி ஹென்றி மொலைசன் அதற்குப் பிறகு புதிதாக எதையும் நீண்ட நாள் நினைவில் வைக்க முடியாமல் போனார், ஆனால் சில இலக்கங்களைக் கேட்டு உடனே திருப்பிச் சொல்வதில் அவருக்குக் குறை இல்லை. நொடிக் கணக்கில் பிடிப்பதும் நாள் கணக்கில் சேர்ப்பதும் தனித்தனி வேலைகள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அல்சைமர் பொதுவாக முதலில் தொடுவது இரண்டாவதை. எனவே எண் தவறுவதைவிட, சற்றுமுன் நடந்த பேச்சே அடியோடு நினைவில்லாமல் போவது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய பாதையில் வழி தெரியாமல் நிற்பது, வழக்கமாகச் செய்யும் கணக்கோ சமையலோ செய்ய முடியாமல் போவது, இவற்றைத்தான் கவனிக்க வேண்டும். திடீரென்று குழப்பம் வந்து கூடவே பேச்சு குழறினால், முகம் கோணினால், ஒரு பக்கக் கை கால் தளர்ந்தால் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் இல்லை, நேராக அவசர சிகிச்சைக்கு.

சரிசெய்யக்கூடிய காரணங்களும் நிறைய. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, அப்புறம் காது மந்தமாவது. சரியாகக் கேட்காததை மறந்துவிட்டதாக வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். தூக்க மாத்திரைகள், தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், சிறுநீர்ப்பைக்குத் தரும் சில மருந்துகள் எல்லாமே நினைவை மந்தமாக்கலாம், அதற்காக நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், கடையில் நீங்களே வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சமீபத்தில் நடந்த சறுக்கல்களைத் தேதியோடு குறித்து வைத்திருந்தால் அதையும். வீட்டில் யாரையாவது கூட்டிப் போவது இன்னும் நல்லது, ஏனென்றால் ‘எப்போதிலிருந்து இப்படி?’ என்ற கேள்விக்கு உங்களைவிட அவர்களுடைய பதில்தான் டாக்டருக்கு அதிகம் பயன்படும்.